கருப்பையில் நார்க்கட்டி: குறைமாதப் பிரசவ பயம் எவ்வளவு நியாயம்?

பன்னிரண்டாவது வாரத்து ஸ்கேன் முடிந்து வெளியே வரும் பெண்ணின் கையில் ஒரு தாள் இருக்கிறது. குழந்தையின் இதயத் துடிப்பு சரி, கழுத்தின் பின்புற நீர் அளவு சரி, மூக்கெலும்பு தெரிகிறது. எல்லாவற்றுக்கும் கீழே கடைசி வரியில், கருப்பையின் முன்சுவரில் 4.2 x 3.8 செ.மீ. அளவில் ஃபைப்ராய்டு என்று எழுதியிருக்கிறது. அந்த ஒரு வரிதான் அன்றைக்கு வீட்டின் தூக்கத்தைக் கெடுக்கிறது.

“கட்டின்னு போட்டிருக்காங்களே, புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதே?” என்று மாமியார் கேட்பார். டாக்டரிடம் கேட்டால், வெளியே அறுபது பேர் காத்திருக்கும் நேரத்தில், “பார்த்துக்கலாம்மா, பயப்படாத” என்ற பதில்தான் வரும். பதில் தவறில்லை, ஆனால் போதாது. மிச்சத்தைச் சொல்லித்தரும் வேலையை அன்று ராத்திரி யூடியூப் எடுத்துக்கொள்கிறது. கரு கலையும் என்று ஒரு வீடியோ, ஏழாம் மாதமே பிரசவமாகிவிடும் என்று இன்னொன்று, கட்டியைக் கரைக்கும் கஷாயம் என்று மூன்றாவது. விடிவதற்குள் அந்தப் பெண் பாதி நோயாளி ஆகிவிடுகிறாள்.

உண்மையில் இந்தக் கட்டி கர்ப்பத்தை என்ன செய்யும், என்ன செய்யாது?

கட்டி என்றால் புற்றுநோயா?

இல்லை. கருப்பையின் சுவர் தசையால் ஆனது. அந்தத் தசைச் செல்களில் சில, தேவைக்கு மேல் பெருகி, நாரும் சதையுமாக உருண்டு திரள்வதுதான் நார்க்கட்டி. மிளகு அளவிலும் இருக்கும், தேங்காய் அளவிலும் இருக்கும். ஒன்று இருக்கலாம், பத்தும் இருக்கலாம். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற இரண்டு ஹார்மோன்கள்தான் இதற்குத் தீனி. அதனால்தான் பூப்பெய்தும் முன் இது வருவதில்லை. மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் சுருங்கிவிடுகிறது. இதுபோன்ற கட்டிக்குள் புற்றுநோய் இருப்பது மிக மிக அபூர்வம்.

எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கேட்டால் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். அமெரிக்காவில் 2003-ல் வெளியான ஓர் ஆய்வின் கணக்குப்படி, 50 வயதை எட்டும்போது அங்குள்ள வெள்ளையினப் பெண்களில் 100-க்குச் சுமார் 70 பேருக்கும், கறுப்பினப் பெண்களில் 80-க்கும் மேற்பட்டவர்களுக்கும் இந்தக் கட்டி வந்திருக்கும். அவர்களில் பெரும் பகுதியினர் தங்களுக்குக் கட்டி இருப்பதே தெரியாமல் பிள்ளை பெற்று, பேரன் பேத்தியும் எடுத்தவர்கள். கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே கவனமாக ஸ்கேன் பார்த்த ஆய்வுகளில் பத்தில் ஒரு பெண்ணுக்கு இது தென்பட்டது. வயது கூடக்கூட வாய்ப்பும் கூடும். முதல் பிரசவம் 22 வயதிலிருந்து 30-க்குத் தள்ளிப்போகும் காலத்தில், கர்ப்பிணிகளின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் இந்த வரி அடிக்கடி தென்படுவதில் வியப்பில்லை. ஸ்கேன் இயந்திரமும் முன்பைவிடக் கூர்மையாகிவிட்டது.

அளவைவிட முக்கியமானது இடம். கருப்பையின் வெளிப்புறத்தில் துருத்திக்கொண்டு நிற்பது ஒரு வகை. இது பெரும்பாலும் தொந்தரவு தராது. சுவரின் தசைக்குள்ளேயே புதைந்து கிடப்பது இன்னொரு வகை. மூன்றாவது, கரு தங்கும் உள்ளறையை நோக்கிப் புடைத்து நிற்பது. சிறியதாக இருந்தாலும் கர்ப்பம் தரிப்பதில் சிக்கல் கொடுப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான். ஆக, கட்டி இருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொள்வது, ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் வீட்டைத் தேடுவது மாதிரி. தெருவும் கதவு எண்ணும் வேண்டும்.

இன்னொரு விஷயமும் உண்டு. கர்ப்பத்தின் முதல் பாதியில் கருப்பைத் தசை ஓரிடத்தில் தற்காலிகமாகச் சுருங்கி நிற்கும்போது, ஸ்கேனில் அது கட்டி மாதிரியே தெரியும். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் காணாமல் போயிருக்கும். சிறிய கட்டி என்று எழுதப்பட்டவற்றில் சில இப்படிப்பட்டவை. அடுத்த ஸ்கேனில் அது இல்லையென்றால், கஷாயம் கரைத்துவிட்டது என்று நம்ப வேண்டியதில்லை.

வளருமா, கருவைக் கலைக்குமா?

கர்ப்பத்தில் ஹார்மோன் பெருகும், ஆகவே கட்டியும் மாதாமாதம் குழந்தையோடு போட்டி போட்டு வளரும் என்பதுதான் பொதுவான நினைப்பு. தொடர்ந்து ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன. பாதிக்கும் மேற்பட்ட கட்டிகள் கர்ப்பம் முழுக்கப் பெரிய மாற்றமில்லாமல் அப்படியே இருக்கின்றன. வளர்பவையும் பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில்தான் வளர்கின்றன.

கருச்சிதைவு பற்றிய கதை இன்னும் சுவாரஸ்யமானது. கட்டி இருந்தால் கரு கலையும் வாய்ப்பு அதிகம் என்று பல ஆண்டுகளாகப் பாடநூல்களே சொல்லிவந்தன. அமெரிக்காவின் மூன்று மாநிலங்களில் 5,500-க்கும் மேற்பட்ட பெண்களைக் கர்ப்பத்தின் ஆரம்பத்திலிருந்தே பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2017-ல் வெளியானது. கட்டி இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் கருச்சிதைவில் வித்தியாசமே இல்லை என்றது அது. பிறகு பழைய ஆய்வுகளில் ஏன் வித்தியாசம் தெரிந்தது? வயதுதான். வயது கூடினால் கட்டியும் கூடும், கருச்சிதைவும் கூடும். ஒரே மேகத்தின் இரண்டு நிழல்களைப் பார்த்து, ஒரு நிழல் இன்னொன்றை உண்டாக்கியது என்று எண்ணிய கதைதான். உள்ளறைக்குள் புடைத்து நிற்கும் கட்டியை மட்டும் டாக்டர்கள் இன்னமும் தனியாகவே பார்க்கிறார்கள். மற்றபடி, முதல் மூன்று மாதத்தில் கரு கலைந்துபோன ஒரு பெண்ணிடம் “அந்தக் கட்டிதான் காரணம்” என்று உறுதியாகச் சொல்வதற்கு இன்று வலுவான ஆதாரம் இல்லை.

குறைமாதப் பிரசவம்: 16-ம் 11-ம்

37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்தால் குறைமாதக் குழந்தை. 2020-ல் உலகம் முழுக்க 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்தன. அதில் சுமார் 30 லட்சம் இந்தியாவில். வேறெந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. உலகில் ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் மரணத்துக்கு முதல் காரணமும் இதுதான். எனவே நார்க்கட்டியோடு சேர்த்துக் குறைமாதம் என்ற சொல் காதில் விழுந்தால் வயிறு கலங்குவது இயல்பு.

இந்த விஷயத்தில் கட்டிக்குப் பங்கு இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதுவரை வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2008-ம் ஆண்டு ஆய்வுக் கட்டுரை ஒன்றின்படி, கட்டி உள்ள பெண்களில் 100-க்கு 16 பேருக்குக் குறைமாதத்தில் பிரசவமானது. கட்டி இல்லாதவர்களில் சுமார் 11 பேருக்கு. இதையே “ஒன்றரை மடங்கு ஆபத்து” என்றும் சொல்லலாம், “100-க்கு 5 பேர் கூடுதல்” என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே கணக்குதான். முதலாவது தலைப்புச் செய்திக்கு உதவும், இரண்டாவது வீட்டில் உட்கார்ந்து யோசிக்கும் பெண்ணுக்கு உதவும். கட்டி இருந்தும் 84 பேர் மாதம் நிறைந்தே பெற்றெடுத்தார்கள் என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது.

அந்தக் கூடுதல் சுமையும் எல்லோர் தலையிலும் சமமாக விழுவதில்லை. 2 செ.மீ. கட்டி ஒன்று வெளிச்சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பவருக்கு நடைமுறையில் எந்த வித்தியாசமும் இல்லை. 5 செ.மீ.-க்கு மேல் பெரிதான கட்டி, ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள், நஞ்சுக்கொடி ஒட்டியிருக்கும் இடத்துக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருக்கும் கட்டி ஆகியவைதான் கண்காணிக்க வேண்டியவை.

ஏன் முன்கூட்டியே வலி வருகிறது என்பதற்கு டாக்டர்கள் சொல்லும் காரணங்கள் சில. பெரிய கட்டி இருக்கும் கருப்பை, குழந்தை வளர வளர இயல்பாக விரிந்து கொடுக்க முடியாமல் திணறலாம். கட்டிக்குப் போகும் ரத்தம் போதாமல் அதன் உட்பகுதி சிதையும்போது புராஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம் சுரக்கிறது. கருப்பையைச் சுருங்கவைக்கும் சமிக்ஞையும் அதேதான். நஞ்சுக்கொடிக்குப் பின்னால் கட்டி இருந்தால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைந்து, நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிடும் ஆபத்து உண்டு. அது நேர்ந்தால் வலிக்காகக் காத்திருக்க முடியாது. டாக்டரே குழந்தையை வெளியே எடுத்தாக வேண்டும். குறைமாதப் பிரசவம் என்ற கணக்கில் தானாக வந்ததும் இருக்கிறது, இப்படி எடுக்கப்பட்டதும் இருக்கிறது.

“சூட்டு வலிதான், சீரகத் தண்ணி குடி”

தமிழ்நாட்டு வீடுகளில் இந்த வாசகத்தைக் கேட்காமல் பிள்ளை பெற்றவர் குறைவு. கர்ப்பிணிக்கு வயிறு இறுகி வலித்தால் முதலில் வருவது சீரகக் கஷாயம், அல்லது உள்ளங்காலில் விளக்கெண்ணெய். பல நேரம் அது வெறும் பொய் வலிதான். ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடும், கஷாயத்துக்குப் பேர் கிடைக்கும். யாருக்கும் நஷ்டமில்லை.

நார்க்கட்டி இருக்கும் பெண்ணுக்கு இந்தக் கணக்கு மாறுகிறது. அவளுக்கு வரும் வலி மூன்று நான்கு விதமானது. வீட்டில் உட்கார்ந்துகொண்டு பிரித்துச் சொல்வது கஷ்டம்.

கட்டி சிதைவதால் வரும் வலி பெரும்பாலும் மூன்றாம் மாதக் கடைசியிலிருந்து ஐந்தாம் மாதத்துக்குள் வருகிறது. வயிற்றில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்ட முடியும்: “இங்கதான், இந்த எடத்துல தொட்டாலே உயிர் போகுது.” லேசான காய்ச்சல், வாந்தி சேர்ந்து வரலாம். கொடுமையான வலி, ஆனால் குழந்தைக்குப் பெரும்பாலும் தீங்கில்லை. ஓய்வு, போதிய நீர், டாக்டர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் என்று சில நாட்களில், சிலருக்கு ஓரிரு வாரங்களில் தணிந்துவிடும். இதைக் குடல்வால் அழற்சி என்று நினைத்து ஆபரேஷன் வரை போன சம்பவங்களும் மருத்துவ உலகில் உண்டு. அதனால்தான் எந்த டாக்டரிடம் போனாலும் கட்டி இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வலி என்றதும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடும் மாத்திரைகளில் பல, ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபனமிக் அமிலம் வகையைச் சேர்ந்தவை. மாதவிடாய் வலிக்கு வழக்கமாகப் போட்டவைதானே என்று கர்ப்பத்திலும் கை அதற்கே போகும். 20 வாரத்துக்குப் பிறகு இவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் எச்சரித்தது. கடைசி மாதங்களில் குழந்தையின் இதயத்தருகே உள்ள முக்கியமான ரத்தக்குழாய் முன்கூட்டியே மூடிவிடும் அபாயமும் உண்டு. ஆஸ்பத்திரியில் டாக்டர் கணக்குப் பார்த்து சில நாட்களுக்கு மட்டும் கொடுப்பது வேறு, கடைக்காரரிடம் “ஒரு வலி மாத்திரை குடுங்க” என்பது வேறு.

நிஜமான பிரசவ வலி ஓரிடத்தில் நிற்காது. வயிறு முழுக்கக் கல் மாதிரி இறுகும், விடும், மறுபடி இறுகும். இடுப்பிலிருந்து கிளம்பி முன்னால் வரும். இடைவெளி குறைந்துகொண்டே போகும். 37 வாரத்துக்கு முன் ஒரு மணி நேரத்துக்குள் இப்படி நான்கைந்து தடவைக்கு மேல் வந்தால், ஓய்வெடுத்தும் அடங்காவிட்டால், அடிவயிற்றில் பாரம் இறங்குவதுபோல் இருந்தால், தண்ணீர் மாதிரி கசிந்தால், ரத்தம் பட்டால், வயிறு இளகாமல் பலகையாக இறுகியே இருந்தால், குழந்தையின் அசைவு குறைந்தால் சீரகத்தை அடுப்பில் வைக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட வேண்டிய நேரம் அது. போய்ப் பார்த்துப் பொய் வலி என்று திருப்பி அனுப்பினால் நல்லதுதானே. பத்து தடவை திரும்பி வந்தாலும் தவறில்லை.

ஏழாம் மாதக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதக் குழந்தை தங்காது என்ற பேச்சையும் இந்த இடத்தில் ஓரங்கட்டிவிடலாம். உள்ளே இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம். எட்டாம் மாதம் எப்போதும் ஏழாம் மாதத்தைவிட மேல்.

படுத்தே இருந்தால் தடுக்க முடியுமா?

“பெட் ரெஸ்ட்” என்பது நம் ஊரில் மருந்துச் சீட்டில் எழுதாத மருந்து. கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து வேலையை விடவைத்து, மாடிப்படி ஏறவிடாமல், பாத்ரூம் தவிர எங்கும் போகவிடாமல் பெண்ணைக் கட்டிலோடு கட்டிப்போடும் குடும்பங்கள் ஏராளம். அன்பினால் செய்வதுதான். ஆனால் படுக்கையில் கிடப்பது குறைமாதப் பிரசவத்தைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. மகப்பேறு மருத்துவ அமைப்புகள் வழக்கமான சிகிச்சையாக இதைப் பரிந்துரைப்பதுமில்லை. அசையாமல் கிடந்தால் கால் ரத்தநாளத்தில் ரத்தம் உறையும் அபாயம் கூடும், தசை தளரும், மனமும் சோரும். ரத்தப்போக்கு போன்ற குறிப்பிட்ட நிலையில் டாக்டர் சொல்லும் ஓய்வு தனி. மற்றபடி நடக்கலாம், வேலைக்கும் போகலாம்.

கட்டி இருக்கிறது என்பதற்காக மட்டும் புரோஜெஸ்டிரோன் மாத்திரையோ கருப்பைவாயில் தையலோ போடுவதற்கும் அடிப்படை இல்லை. ஐந்தாம் மாத ஸ்கேனில் கருப்பைவாயின் நீளம் 25 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாகச் சுருங்கியிருந்தால் புரோஜெஸ்டிரோன் உதவும். அந்த நீளத்தை அளந்தார்களா என்று கேட்டுவைத்துக்கொள்வது எந்த பெட் ரெஸ்ட்டையும்விடப் பயனுள்ளது.

வளைகாப்பு முடிந்து வண்டி ஏறும்போது

குறைமாத வலியை எப்போதும் தடுத்துவிட முடியாது. ஆனால் குழந்தையைக் காப்பாற்றும் ஊசி ஒன்று இருக்கிறது. செம்மறி ஆடுகளில் செய்த சோதனையிலிருந்து தொடங்கி, நியூசிலாந்து மருத்துவர்கள் லிக்கின்ஸ், ஹோவி இருவரும் 1972-ல் உலகுக்குச் சொன்னது அது. பிரசவம் நெருங்கிவிட்ட தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால், குழந்தையின் நுரையீரல் ஓரிரு நாளில் மூச்சுவிடத் தயாராகிறது. இது பணக்கார நாட்டு மருத்துவமனைகளுக்கு மட்டுமே பொருந்துமோ என்ற சந்தேகம் இருந்தது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய சோதனை 2020-ல் அதைத் தீர்த்தது. டெக்ஸாமெத்தசோன் ஊசி போடப்பட்ட தாய்மார்களின் குழந்தைகளில் 100-க்குச் சுமார் 20 பேர் முதல் மாதத்துக்குள் இறந்தார்கள். போடப்படாதவர்களின் குழந்தைகளில் 23-க்கும் மேல். மலிவான ஊசி அது.

ஆனால் அது வேலை செய்ய இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, ஊசி போட்டு ஒரு நாளாவது கிடைக்க வேண்டும், அதாவது தாய் நேரத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்க வேண்டும். இன்னொன்று, கர்ப்பம் எத்தனை வாரம் என்பது சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். நார்க்கட்டி குழப்பம் பண்ணுவது இரண்டாவதில்தான். கட்டி வயிற்றைப் பெரிதாக்கிக் காட்டும். டேப் வைத்து அளந்தால் 30 வாரம் 34 வாரமாகத் தெரியும். முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேனின் தேதிக் கணக்கு கையில் இல்லையென்றால், ஊசி போட வேண்டிய குழந்தைக்குப் போடாமல் விட்டுவிடும் ஆபத்து உண்டு. கட்டி இருக்கிற எல்லோருக்கும் எதற்கும் இருக்கட்டும் என்று முன்கூட்டியே போட்டுவைப்பதும் தவறு. பிரசவம் நெருங்கும் அறிகுறி இருந்தால்தான் அது தேவை.

நம் பழக்கம் ஒன்று இந்த இடத்தில் குறுக்கே வருகிறது. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்குப் போகிறாள். ஆறு மாதம் பார்த்த டாக்டர் ஓர் ஊரில், பிரசவம் இன்னோர் ஊரில். சீர்வரிசைத் தட்டு பதினொன்றா இருபத்தொன்றா என்று எண்ணுகிற வீட்டில், ஸ்கேன் ஃபைல் எந்தப் பையில் இருக்கிறது என்று கேட்க ஆள் இருப்பதில்லை. குறைமாத வலி வரக்கூடிய அதே வாரங்களில், அவளைப் பற்றி எதுவும் தெரியாத ஓர் ஆஸ்பத்திரியின் வாசலில் அவள் நிற்கிறாள். பெரிய கட்டியோ பல கட்டிகளோ இருக்கும் பெண், பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவும் ரத்த வங்கியும் உள்ள மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருப்பதுதான் புத்திசாலித்தனம். அது எந்த வீட்டுக்கு அருகில் இருக்கிறதோ அந்த வீட்டில் இருக்கட்டும். வளைகாப்பைச் செய்துவிட்டு மாமியார் வீட்டிலேயே இருந்தால் சாஸ்திரம் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

மருத்துவமனைகளையும் கொஞ்சம் கேட்க வேண்டியிருக்கிறது. “ஃபைப்ராய்டு உள்ளது” என்று மட்டும் எழுதிக் கொடுக்கும் ஸ்கேன் ரிப்போர்ட்டால் யாருக்கு என்ன பயன்? எத்தனை கட்டி, எவ்வளவு பெரிது, எந்தச் சுவரில், நஞ்சுக்கொடியிலிருந்தும் கருப்பைவாயிலிருந்தும் எவ்வளவு தூரம் என்பதை எழுத இரண்டு நிமிடம் போதும். அந்தத் தகவல் கர்ப்பிணியின் தாய் சேய் அட்டையிலும் ஏற வேண்டும். ரத்த வகையைப் பெரிதாக எழுதுகிற அட்டையில் இதற்கு ஒரு வரி இல்லாமலா போய்விடும்?

கட்டி என்றால் சிசேரியனா?

தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 100-க்குச் சுமார் 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 60-ஐத் தாண்டுகிறது. 2019-21-ல் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொன்னது இது. இப்படிப்பட்ட மாநிலத்தில், கட்டி என்ற சொல் கத்திக்கு வசதியான சாக்காகிவிடக் கூடாது.

கட்டி உள்ளவர்களுக்கு சிசேரியன் அதிகம் நடப்பது உண்மை. குழந்தை தலை கீழாகத் திரும்பாமல் குறுக்கே நிற்பது இவர்களிடம் கூடுதல். கருப்பையின் கீழ்ப்பகுதியில் பெரிய கட்டி வழியை அடைத்துக்கொண்டிருந்தால் வேறு வழியில்லை. ஆனால் மேற்பகுதியில் இருக்கும் கட்டி பிரசவப் பாதையைத் தொடுவதே இல்லை. ஐந்தாம் மாதம் கீழே தெரிந்த கட்டிகூட, கருப்பை விரிய விரிய மேலே ஏறிவிடுவதுண்டு. எனவே ஐந்தாம் மாத ஸ்கேனைக் காட்டி “உங்களுக்கு ஆபரேஷன்தான்” என்று நாள் குறித்தால், 36-வது வாரம் மறுபடி பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா என்று கேட்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கு உண்டு.

“வயித்தைத் திறந்துட்டீங்க, அப்படியே கட்டியையும் எடுத்துடுங்களேன்” என்பது ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அடிக்கடி கேட்கும் வேண்டுகோள். செலவு மிச்சம் என்ற நியாயமான எண்ணம்தான். ஆனால் மாதம் நிறைந்த கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. அந்த நேரத்தில் கட்டியை வெட்டினால் ரத்தத்தைக் கட்டுப்படுத்துவது லேசல்ல. காம்பில் தொங்கும் கட்டியோ, கீறல் போடும் பாதையிலேயே இருக்கும் கட்டியோ என்றால் அனுபவமுள்ளவர் எடுக்கலாம். மற்றதை விட்டுவைப்பதுதான் பழகிய டாக்டர்களின் வழக்கம்.

உண்மையில் பயப்பட வேண்டியது ரத்தப்போக்குக்குத்தான். நஞ்சுக்கொடி பிரிந்ததும் கருப்பைத் தசை இறுகி, திறந்து கிடக்கும் ரத்தக்குழாய்களைப் பிடித்து நெரிக்க வேண்டும். நடுவில் பெரிய கட்டி இருந்தால் அந்தப் பிடி சரியாக விழாது. நார்க்கட்டி உள்ள பெண்ணோ பல வருடமாக அதிக மாதவிடாயில் ரத்தம் இழந்து வந்தவளாக இருப்பாள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்கிறது அதே கணக்கெடுப்பு. ஏற்கெனவே காலியாக இருக்கும் பாத்திரத்திலிருந்து இன்னும் ஒரு லிட்டர் போனால் என்ன மிஞ்சும்? ஹீமோகுளோபினை மூன்றாம் மாதத்திலிருந்தே ஏற்ற வேண்டும். மாத்திரையில் ஏறாவிட்டால் நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றும் வசதி அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கிறது. ரத்தசோகையும் தன் பங்குக்குக் குறைமாதப் பிரசவத்தைக் கூட்டக்கூடியதுதான்.

முன்பே எடுத்திருந்தால்?

கர்ப்பத்துக்கு முன்பே கட்டியை எடுத்துவிடுவது சிலருக்குச் சரி. உள்ளறைக்குள் புடைத்து நிற்பதை, வயிற்றைக் கிழிக்காமல் கருப்பைவாய் வழியாகவே எடுத்துவிடலாம். மற்ற இடங்களில் உள்ளதை எடுத்தால் குறைமாதப் பிரசவம் குறையும் என்று யாரும் உறுதி தர முடியாது. அறுத்த இடத்தில் தழும்பு விழும். அந்தத் தழும்பு பிரசவ வலியின்போது கிழியும் ஆபத்து 100-க்கு ஒன்றுக்கும் குறைவுதான். நடந்தால் தாய், பிள்ளை இருவர் உயிருக்கும் ஆபத்து. சுவரை ஆழமாக வெட்டியிருந்தால் வலி வருவதற்கு முன்பே, 37-வது வாரத்தை ஒட்டி சிசேரியன் செய்துவிடுவார்கள். அதாவது, குறைமாதத்துக்குப் பயந்து செய்த ஆபரேஷனே குழந்தையைச் சீக்கிரம் வெளியே எடுக்க வைக்கலாம். தொந்தரவே தராத 2 செ.மீ. கட்டியை, கல்யாணத்துக்கு முன் எதற்கு வம்பு என்று அறுத்துக்கொள்வதில் என்ன லாபம்?

கட்டி ஆபரேஷன் ஏற்கெனவே ஆனவர்கள் டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கருப்பையின் உள்ளறை வரை வெட்டினார்களா என்ற ஒற்றைத் தகவல்தான் அடுத்த பிரசவத்தை முடிவு செய்யும். லேப்ரோஸ்கோபியில் செய்ததால் தழும்பு சின்னது என்று நினைத்துச் சொல்லாமல் விடுபவர்கள் உண்டு. சின்னதாக இருப்பது வயிற்றுத் தோலில் உள்ள தழும்பு மட்டுமே.

பிரசவம் முடிந்தபின் கட்டிக்கு என்ன ஆகும்? ஹார்மோன் வடிந்ததும் பல கட்டிகள் சுருங்கத் தொடங்கும். 2010-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கர்ப்பத்தின் ஆரம்பத்தில் கட்டி இருந்த பெண்களை மூன்று முதல் ஆறு மாதக் கைக்குழந்தையோடு மறுபடி ஸ்கேன் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்குக் கட்டி தென்படவே இல்லை. மிச்சமிருந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு அளவு குறைந்திருந்தது. கட்டி இருப்பதால் தாய்ப்பால் கொடுக்கத் தடையேதும் இல்லை. எடுப்பதா விடுவதா என்ற பேச்சைக் குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபின், புது ஸ்கேனைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கினால் போதும்.